தட்டாமல் விட்ட சுவர்

"இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குடி பரிசோதனை? சாகப்போற ஆளுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கிற மாதிரில்ல இருக்கு?"

வீட்டுப் பெரியவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து சொன்ன நாளில், பக்கத்து பெஞ்சுக்காரி இப்படிக் கேட்டாள். வகுப்பே சிரித்தது. அத்தையின் வேலையைப் பெருமையாகச் சொல்ல எழுந்தவளுக்குப் பதில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். பதில் தெரிந்தபோது பள்ளிக்கூடமே முடிந்துவிட்டது. ஒரு வரியில் அடங்குகிற பதிலாக அது இல்லை, அதனால் கதையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கதை அந்த அத்தையுடையது.

வேலைத்தளங்களில் அவரைச் சாரல் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய குடியிருப்புகளை இடிப்பதற்கு முன்னால் உள்ளே போய், எந்தச் சுவரில், எந்தக் கூரையில், எந்தக் குழாயின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். செங்கல் ஒரு மாதிரி பேசும், பலகை ஒரு மாதிரி பேசும். சந்தேகம் வந்த இடத்தில் சோப்பு கலந்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலால் அடிப்பார். பெயர் வந்தது அதனால்தான். நனைந்த பிறகே சின்ன உளியை வைத்து நகத்தளவு பெயர்ப்பார், ஏனென்றால் நனைந்த தூசி பறக்காது. பெயர்த்ததை ஒரு பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, சுவரில் விழுந்த குழியைப் பசை வைத்து அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார். பைகள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். பல வருஷம் தட்டித் தட்டி அவருடைய வலது கை நடுவிரல் முட்டி காய்த்துப்போயிருந்தது. வீட்டில் அடுத்த அறைக் கதவைத் தட்டினால்கூட, உள்ளே இருப்பவர்கள், "சுத்தமான கதவுதான், உள்ள வாங்க" என்பார்கள்.

கல்லில் நார் உரிக்கிறவன் என்று மகா கஞ்சனைச் சொல்கிறோம். நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் நார் நாராக உரியும் கல் நிஜமாகவே பூமிக்குள் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் அதுதான், பாடப்புத்தகத்தில் அதற்குக் கல்நார் என்று பெயர். தீயில் எரியாது, சூட்டைத் தாங்கும், சத்தத்தை அடக்கும். அதனால் ஒரு காலத்தில் அதைச் சிமெண்டோடும் இன்னும் எதனோடெல்லாமோ கலந்து கூரைத் தகடாக, பலகையாக, குழாய்க்கு உறையாக வீட்டுக்கு வீடு வைத்தார்கள். தொடாமல் விட்டால் அது பாட்டுக்குப் படுத்துக்கிடக்கும். அறுத்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் ஏறிவிடும். மூச்சில் உள்ளே போனது திரும்பி வராது. உடனே ஒன்றும் செய்யவும் செய்யாது. எப்போது, எங்கே மூச்சில் போனது என்று ஆளே மறந்துபோன பிறகு, நுரையீரலில் உட்கார்ந்துகொண்டு நோயாகத் தட்டும்.

சாரலின் தம்பி வீடு இடிக்கிறவர். ஒரு கூட்டத்துக்கு மேஸ்திரி. அவருக்கு மீசை என்று பெயர், காரணம் கேட்கத் தேவையில்லை. கன்னத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் மேலே முறுக்கிய மீசை. காலையில் பல் தேய்க்க மறந்தாலும் மறப்பார், மீசைக்கு எண்ணெய் வைக்க மறக்க மாட்டார். அக்கா கையெழுத்துப் போட்ட பிறகுதான் தம்பி கடப்பாரையைத் தூக்குவார். "அக்கா தட்டினா சத்தம், தம்பி தட்டினா தரைமட்டம்" என்று மீசையின் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்.

மூவரும், வகுப்பில் எழுந்து நின்றவளான மீசையின் மகளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வீடு என்றால் அதைப்போல ஒரு வீட்டைப் பார்க்க முடியாது. இடிக்கிற இடங்களிலிருந்து மீசை கொண்டுவந்த சாமான்களாலேயே அது உருவாகியிருந்தது. ஒரு கதவைப்போல இன்னொரு கதவு இருக்காது. மாடிப்படியின் கைப்பிடி பாதிவரை தேக்கு, அதற்கு மேல் இரும்பு. குளியலறைக் கதவு ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது, அதில் 'வரிசையில் நிற்கவும்' என்று எழுதியிருக்கும். காலையில் உண்மையாகவே வரிசையில்தான் நிற்பார்கள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். வெளியிலிருந்து எது வந்தாலும் வாசல்படி தாண்டுவதற்கு முன்னால் சாரல் பார்க்க வேண்டும். மரம், கண்ணாடி, இரும்பு என்றால் தலையாட்டுவார். பலகை, தகடு, பழைய தரை ஓடு என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வந்த வழியே திரும்பிப் போகும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது, அது சட்டமல்ல, மீசையின் பெருமை. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிற வீட்டில் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு முதலில் போய் அதை அகற்றிவிடுவார்கள். சுத்தம் என்று ஆன பிறகே மீசையின் ஆட்கள் போவார்கள். அப்போதும் செங்கல் தூசிக்காக முகமூடி போட வேண்டும். ஆட்கள் போடுவார்கள். மீசை போட மாட்டார். அந்த முகமூடி முகத்தோடு இறுக்கமாக ஒட்ட வேண்டும், முறுக்கு மீசை இருந்தால் ஒட்டாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "எங்கக்கா பாத்த வீட்டுல நான் எதுக்கு மூக்கை மூடணும்?" என்பார். சாரல் திட்டுவார். திட்டும்போதே உள்ளுக்குள் கொஞ்சம் குளிரும். தம்பி இப்படி நம்புகிறானே என்றிருக்கும்.

இப்படி இருக்கையில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு இடிப்புக்கு வந்தது. படிக்கட்டின் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வீடுகள். முன்னறை, சமையலறை, பின்னறை. எல்லாச் சுவருக்கும் அதே வெளிர்பச்சைப் பெயிண்ட். பெரும்பாலும் எல்லோரும் காலி செய்துவிட்டார்கள். தரைத்தளத்தில் ஒரு வயதான தம்பதி மட்டும் இன்னும் இருந்தார்கள். சாரல் மேலிருந்து ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டு இறங்கி, கடைசியாக அவர்கள் கதவுக்கு வந்தார்.

கதவைப் பாதி திறந்த பெரியவர் உதட்டில் விரலை வைத்தார். அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ராத்திரி முழுக்க வலியில் புரண்டவர் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார் என்று கிசுகிசுத்தார். அப்புறம் சாரலின் கையிலிருந்த உளியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் மேல் வீடு மாதிரியேதாம்மா. நாங்க எதுலயும் கை வைக்கல."

சாரல் முன்னறையையும் சமையலறையையும் பூனை நடப்பதுபோல மெல்லத் தட்டிப் பார்த்தார். பின்னறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அதே வெளிர்பச்சை. சுவரோடு சுவராக ஒரு மர அலமாரி. அதை ஒட்டிய கட்டிலில் ஒரு சின்ன உருவம் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. மேல் வீடுகளில் அதே அறையைத் தட்டியிருந்தார், எல்லாம் வெறும் செங்கல்லும் பூச்சும். ஒரே மாதிரி இருப்பவற்றில் சிலவற்றைச் சோதித்துவிட்டு மற்றதையும் அதோடு சேர்த்துக்கொள்வது தொழிலில் உள்ள வழக்கம்தான். ஆனால் ஆள் குடியிருந்த வீட்டை அப்படிச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் மனுஷன் சும்மா இருக்க மாட்டான், எதையாவது அடிப்பான், ஒட்டுவான், மறைப்பான். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவரே சாரல்தான்.

ஆனால் வலியில் துடித்துவிட்டு இப்போதுதான் தூங்குகிறவரின் தலைமாட்டில் நின்று யாரால் சுவரைத் தட்ட முடியும்? அவர் பெரியவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வந்த வழியே நுனிக்காலில் வெளியேறினார். பிற்பாடு, கட்டடம் சுத்தம் என்று கையெழுத்தும் போட்டார்.

தம்பதி தங்கள் மகள் வீட்டுக்குப் போனார்கள். மீசையின் ஆட்கள் உள்ளே போய்க் கதவு, ஜன்னல், அலமாரி, குழாய் எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை காலையில் பெரிய இயந்திரம் சுவர்களில் கை வைக்கும் என்று ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம். சாரல் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கீழே முற்றத்தில் மீசை மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அடுப்புக்குப் பின்னால் சுவர் கரி பிடித்துக்கிடக்கிறது என்று அவர் மனைவி வெகுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அதற்கு இன்று வழி கிடைத்துவிட்டது போலிருந்தது.

"தீக்குச்சியைக் கிழிச்சு வச்சுப் பாத்தேன். கருகக்கூட இல்ல. உன் அடுப்புக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு, ஓரத்துல ஒரு சாண் அறுத்துட்டா போதும்."

சாரலின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. கருகக்கூட இல்லை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கத்தவில்லை. கத்தினால் தம்பி திடுக்கிட்டுக் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவான். படியில் சத்தமில்லாமல் இறங்கி வந்தார். மீசை பலகையை முக்காலியின் மேல் சாய்த்து ஒரு காலால் அழுத்திக்கொண்டு, ரம்பத்தை ஓரத்தில் வைத்திருந்தார்.

"தம்பி, ரம்பத்தைக் கீழ வை. பலகையை அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லு."

"ஏன்க்கா?"

"அசையாத. சொன்னதைச் செய்."

சின்ன வயதில் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவரின் குரல் அது. மீசை சிலை மாதிரி நின்றார். சாரல் எல்லோரையும் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு, தன் வேலைப் பையிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பலகையின் மேலும் கீழும் தம்பியின் சட்டை மேலும் சோப்புத் தண்ணீரை அடித்தார். ஒரு பக்கம் வெளிர்பச்சைப் பெயிண்ட். மறுபக்கம் சாம்பல் நிறம். உடைந்திருந்த மூலையில் கிழிந்த கம்பளியைப்போல மெல்லிய முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"தரைத்தளம். பின்னறை அலமாரியைக் கழட்டினோம்ல, அதுக்குப் பின்னாடி. ஆணி துரு பிடிச்சுப் போயிருந்துச்சு, இழுத்ததும் முழுசா கையோட வந்துருச்சு." கொஞ்சம் நிறுத்தி, குற்றம் செய்த பிள்ளையைப்போல, "வாசல்லயே காட்டணும்தான். அதான் நீ பாத்த வீடாச்சேன்னு உள்ள கொண்டாந்துட்டேன்" என்றார்.

சாரல் பலகையைக் கெட்டியான பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டினார். முற்றத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் போட்டார். தம்பியின் சட்டையும் வேட்டியும் பைக்குள் போயின. மீசை ஒரு துண்டோடு ஓரமாக ஒடுங்கி நிற்க, அவர் மனைவி ஜன்னல் வழியாக, "வரிசையில நிக்க வேணாம், இன்னிக்கு நேரா உள்ள போகலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

குளித்துவிட்டு வந்த மீசை தலையைக்கூடத் துவட்டாமல் அக்காவின் எதிரில் உட்கார்ந்தார்.

"பாத்தேன்னு சொன்னியேக்கா."

"பாத்தேன்," என்றார் சாரல். "தட்டல."

மீசை அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சாரலுக்குத் தோன்றியது.

விடிந்தால் இயந்திரம் அந்தச் சுவரில் பாயும். பின்னால் ஓர் அறை நிறையப் பலகை இருந்தால் அத்தனையும் பொடியாகி, மீசையும் ஆட்களும் தெருவில் போகிறவர்களும் மூச்சில் இழுப்பார்கள். சாரல் முதலில் ஒப்பந்தக்காரரை போனில் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். ஒரு பலகைதானே மேடம், தண்ணீர் அடித்துக்கொண்டே இடித்துவிடலாமே, இயந்திரம் வந்து நிற்கிறதே என்று இழுத்தார். சுத்தம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றும் நினைவூட்டினார். சாரலுக்குத் தப்பித்துக்கொள்ளக் கதவு திறந்துதான் இருந்தது. குடியிருந்தவர் மறைத்துவிட்டார் என்று சொன்னால் போதும், அது பொய்யும் அல்ல.

"அந்த ரூமை நான் தட்டாமலே கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. நாளைக்கு மெஷினை ஸ்டார்ட் பண்ண விடாதீங்க."

"இதை நீங்களே சொல்றீங்களே, மேடம்" என்றார் ஒப்பந்தக்காரர். வேறு யார் சொல்ல முடியும் என்று சாரல் கேட்டார். பிறகு தன் மேலதிகாரிக்கும் போன் போட்டு அதையே சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இல்லை.

மறுநாள் காலையில் இயந்திரம் வாயைத் தரையில் ஊன்றிக்கொண்டு சும்மா நின்றது. பலகையின் துண்டு ஒன்றை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு, சாரல் அந்தப் பெரியவரைத் தேடிப் போனார். சண்டைக்கு அல்ல. எந்தச் சுவரில் எவ்வளவு என்று அவருக்குத்தான் தெரியும். பலகை கொண்டுவந்தவன் அளந்தா கொண்டுவந்திருப்பான்? மிச்சம் எங்கேயாவது போயிருக்கும். அது எங்கே என்று தெரியாமல் அந்தக் கட்டடத்தைத் தொட முடியாது.

மகள் வீட்டு முன்னறையில் பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அவர் மனைவி. சாரலைக் கண்டதும் பெரியவர் முகம் மாறியது. வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்குக்கூட உத்தரவு கேட்க வேண்டும் என்ற பயத்திலேயே ஆயுளைக் கழித்தவர் அவர். வீட்டுக்காரர்தான் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"நாங்க எதுலயும் கை வைக்கலேன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா."

நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "ஊருல எல்லாரும் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு சுவரையே மறைச்சவரு," என்றார் அந்த அம்மாள். "சொல்லுங்க. வீடே போகப்போகுது, இனிமே யாரு வந்து கேக்கப்போறா?"

கடைசியில் அந்த அம்மாளே சொன்னார். அந்தப் பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் அறை. விடிவதற்கு முன்பே மோட்டார் உறுமத் தொடங்கிவிடும், கட்டிலே அதிரும். மகள் பிறந்த புதிதில் தாயும் பிள்ளையும் கண்மூட முடியாமல் கிடந்தார்கள். பெரியவர் அப்போது ஒரு கொதிகலன் அறையில் வேலை பார்த்தார். அங்கே சூடு தாங்குவதற்காக அடித்திருந்த பலகைகளைக் கழற்றிப் புதிதாக மாற்றினார்கள். கழற்றியதில் நல்லதாகப் பார்த்துத் தினம் ஒன்றாக சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, அறையிலேயே அறுத்து, சுவர் முழுக்க அடித்து, மேலே அதே பெயிண்ட்டைப் பூசிவிட்டார்.

"அதுக்கப்புறம் மோட்டார் சத்தமே கேக்கல. அன்னிக்குத் தூங்க ஆரம்பிச்சவதான் நானு," என்றார் அந்த அம்மாள்.

அந்தப் பலகைகள் கொடுத்த தூக்கத்தைக் கலைக்கக் கூடாது என்றுதான் சாரல் அந்தப் பலகைகளைத் தட்டாமல் போயிருந்தார்.

பலகை என்ன பலகை என்பதை அவர் சுற்றி வளைக்காமல், பயமுறுத்தாமல் சொன்னார். பெரியவர் செய்தித்தாளை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார்.

"அறுத்தது நான்தான். கதவைச் சாத்திக்கிட்டு அறுத்தேன், வெளிய சத்தம் போகக் கூடாதுன்னு. குழந்தை தொட்டில்ல கிடந்தா." தேநீர் கொண்டுவந்த மகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "எங்களுக்கு ஏதாவது வருமாம்மா?"

"தெரியாதுங்க ஐயா. எல்லாருக்கும் வர்றதில்ல. இத்தனை வருஷம் நல்லா இருந்திருக்கீங்க. ஆனா டாக்டர்கிட்ட இந்த விஷயத்தைச் சொல்லி வைங்க. மூணு பேருமே."

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன்."

"நானும் நல்லதுன்னு நெனச்சுத்தான் அன்னிக்குத் தட்டாம போனேன்," என்றார் சாரல்.

பெரியவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு எதையும் மறைக்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பின்னறையில் ஒரு சுவர் முழுக்க. சமையலறைப் பரணின் அடிப்பக்கம் கொஞ்சம். மிச்சத்தை மூன்றாவது மாடியில் இருந்த இஸ்திரிக்காரருக்குக் கொடுத்தார், அவர் துணி தேய்க்கிற மேஜையில் துணிக்கு அடியில் போட்டுக்கொண்டார். இஸ்திரிக்காரர் காலி செய்தபோது கனமான அந்த மேஜையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். சாரல் அந்த மேஜையைப் பார்த்திருந்தார். அதன் மேல் தன் பையையும் வைத்திருந்தார். மேஜை சுவரல்லவே, தட்டத் தோன்றவில்லை.

பலகையில் ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று ஆய்வுக்கூடம் சொன்னது. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, நனைத்து நனைத்து, ஒரு பலகைகூட உடையாமல் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பொட்டலம் கட்டினார்கள். பரணும் இஸ்திரி மேஜையும் அதே வழியில் போயின. மேலதிகாரி சாரலைக் கூப்பிட்டு, உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று மறுபடியும் ஒரு முறை தோன்றியது. பிறகு சாரல் யாரும் சொல்லாமலே கட்டடத்தின் எல்லாச் சுவரையும் புதிதாகத் தட்டினார், முன்பே தட்டியவற்றையும் சேர்த்து. நடுவிரல் முட்டி வீங்கியபோது கையை மாற்றிக்கொண்டார்.

இத்தனை நாளும் மீசை அக்காவிடம் பேசவில்லை. கோபமாக ஒன்றும் காட்டவில்லை. சொன்னபடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார், முழுசாக வந்த ஒரு பலகைக்கு இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அதை அவர் மனைவியிடம் சொன்னார். மனைவி சாரலிடம் சொன்னார். பேச்சு இப்படியே மூன்றாவது ஆள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மீசை வேலைத்தளத்துக்குப் போய் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். ஒப்பந்தக்காரர் வேறு, "குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலேங்கிற குடும்பம்னு நெனச்சேன், உங்கக்கா விழுந்த உடனே ஊரைக் கூப்பிட்டுக் காட்டிட்டாங்களேப்பா" என்று சொல்லிவைத்திருந்தார். அது பாராட்டா கேலியா என்று மீசைக்கும் தெரியவில்லை, சொன்னவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் எல்லாம் முடிந்து சாரல் மறுபடியும் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை பேனா கொஞ்சம் தயங்கியது. ஒவ்வொரு சுவரையும் தட்டியாயிற்று. இருந்தாலும் அதற்கு முந்தின தடவையும் அவர் நிச்சயமாகத்தான் இருந்தார். தம்பி அவர் சொல்லை மூக்குக்குக் கட்டிக்கொண்டு உள்ளே போவான் என்ற நினைப்பு முன்பெல்லாம் குளிர்ந்தது. இப்போது கனத்தது.

இடிக்கத் தொடங்குகிற நாள் காலை. குளியலறைக்கு வெளியே வழக்கம்போல வரிசை. உள்ளே போன மீசை வெகுநேரம் வரவில்லை. கதவு திறந்தபோது வெளியே வந்தவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே வழுவழுவென்று ஓர் இடம், வெயிலே படாததால் மற்ற முகத்தைவிட வெளுத்து, உரித்த கிழங்குபோல இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு சார் நீங்க? யாரைப் பாக்கணும்?" என்றார் அவர் மனைவி.

மீசை அலமாரியிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டி, பட்டையை இழுத்து, உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்துப் பார்த்தார். முகமூடி முகத்தோடு ஒட்டி நின்றது. காற்று எந்தப் பக்கமும் கசியவில்லை. சாரல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சுருக்கென்றது. இனி என்னை நம்ப வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டான் என்றுதான் நினைத்தார்.

"இந்தத் தடவை ஒண்ணு விடாம தட்டிட்டேன்டா. சுத்தம்."

மீசை முகமூடியைக் கழற்றினார்.

"தெரியும்க்கா. சுவரைத் தட்டுறது உன் வேலை. மூக்கை மூடுறது என் வேலை. ரெண்டையும் உன் தலையிலேயே கட்டி வச்சிருந்தேன்."

அத்தனை நாளுக்குப் பிறகு அவர் அக்காவிடம் நேராகப் பேசியது அதுதான். சாரல் இறங்கி வந்து, சின்ன வயதில் செய்வதுபோலத் தம்பியின் முகத்தைக் கையால் திருப்பி, அந்த வெளுத்த இடத்தைப் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்க, பார்க்கச் சகிக்கவில்லை என்றார்.

"மீசை முளைக்கும்க்கா," என்று சொல்லிவிட்டுத் தம்பி போய்விட்டார்.

அந்தக் குடியிருப்பு இருந்த இடத்தில் இப்போது வெறும் மண். மீசைக்கு மீசை இல்லை, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் காரணம் கேட்கிறார்கள். அவர் கூட்டத்தில் இருந்த தாடிக்காரர் ஒருவரும் மழித்துக்கொண்டுவிட்டார். அடுப்புக்குப் பின்னால் சுவர் இன்னும் கரி பிடித்துத்தான் கிடக்கிறது, யாரும் புலம்புவதில்லை. எந்த வீட்டிலிருந்து எது கொண்டுவந்தாலும், ஒரு கரண்டியாகவே இருந்தாலும், மீசை வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறார். சாரலும் இப்போது மேஜையைக்கூடத் தட்டிவிட்டுத்தான் அதன் மேல் பையை வைக்கிறார்.

பக்கத்து பெஞ்சுக்காரி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். சாகப்போகிறவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பது அவனுக்காக இல்லை, அவனைத் தூக்கப்போகிறவர்களுக்காக. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பழைய சுவரை இடித்து அறையைப் பெரிதாக்க நினைக்கிறவரிடம், தெருவோரம் கிடக்கிற நல்ல பலகையை வண்டியில் ஏற்றுகிறவரிடம், தீக்குச்சி வைத்துப் பார்த்துவிட்டுக் கருகவே இல்லை என்று சந்தோஷப்படுகிறவரிடம் முக்கியமாகச் சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும். அப்படிப் போய்க்கொண்டே இருந்தால் ஒரு நாள் அவள் காதிலும் விழும்.